ஆர்க் என்று எழுதிய துளை

ரீவி வந்த பெட்டியைக் கேற்றடியில் வைத்துவிட்டு
வயர் தேடி உள்ளே போய்த் திரும்புவதற்குள்
மான் தின்றுவிட்டது
அட்டையின் ஒரு மூலையையும்
கையேட்டில் பத்தாம் பக்கத்துக்குப் பிறகு எல்லாவற்றையும்.

திருகோணமலையில் இதை யாரிடம் போய்ச் சொல்ல.
கோட்டைக்குள் இருந்து இறங்கி
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்கு வரிசையில் நிற்கிற மான்.
அதன் கணக்கில் நாங்கள்தான் வந்தேறிகள்.

ஆகவே பத்தாம் பக்கம்வரைதான் எங்கள் அறிவு:
ரீவியும் றிசீவரும் ஒன்றையொன்று இனங்கண்டால்
ஒரே றிமோட் போதுமாம்.
எப்படி இனங்காணும் என்பது
மானின் வயிற்றில்.

றிசீவர்
நிலாவெளியில் மூடிய விடுதியொன்றின் சாமான் விற்பனையில் வாங்கியது.
கவிழ்த்தால் மணல் கொட்டியது,
பிறகு ஒற்றைத் தோடு.
பின்புறத் துளைகளில் உப்புப் பிடித்துப் பச்சை பூத்திருந்தது.
பழைய ரூத்பிரஷ்ஷில் ஸ்பிரிற் தொட்டுத் தொட்டு
குகதாசன் அதற்குப் பல் விளக்கினார்,
மா ஆலை வெள்ளை இன்னும் புருவத்தில் இருக்க.

முதலாம் துளை. ஒன்றுமில்லை.
இரண்டாம் துளை. படம் வந்தது, ஊமையாக.
மூன்றாவதின் மேல் எறும்பளவு எழுத்தில் ஆர்க்.
கண்ணாடி போட்டு நான்தான் வாசித்தேன்.

செற்றிங்ஸுக்குள் போனால் இன்னொரு வில்லங்கம்.
ஒரே சங்கதிக்கு ரீவி ஒரு பெயர் வைத்திருக்கிறது,
றிசீவர் வேறொரு பெயர்.
எனக்கும் அப்படித்தான்,
பதிவில் சுகந்தமலர், வீட்டில் பேபி.
தபால்காரன் கேட்டால் பக்கத்து வீட்டில்கூடத் தெரியாது.

ஜமாலியாவில் டிஷ் பூட்டுகிற சியாத்துக்குக் கோல் எடுத்தோம்.
"எல்லாத்தையும் கழட்டிப்போட்டு
பத்து நிமிசம் கரண்ட் இல்லாம வைங்க அக்கா.
முதல்ல அதுகள் மறக்கோணும்."
கழற்றப் போன கை பிளக்கைத் தொடமுன்
ஊருக்கே கரண்ட் போனது.
முக்கால் மணித்தியாலம்.
நல்லாய் மறந்திருக்கும்.

வந்ததும் திரையின் அடியில் ஒரு வரி:
ஒலிக்கருவி கண்டறியப்பட்டது.
அவர் ரீவி றிமோட்டை அமத்த
றிசீவரின் முகத்தில் இலக்கம் ஏறியது.
பன்னிரண்டு. பதின்மூன்று.
முப்பத்தொன்றில் யன்னல் கண்ணாடி பேசத் தொடங்கியது.
மதிலுக்கு மேலால் மல்காந்தி எட்டிப் பார்த்து
"ஹரி" என்று பெருவிரல் காட்டினாள்.
இன்னொரு றிமோட்டை, சடங்குபோல,
பற்றரி கழற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

பத்து மணிக்கு அவர் இரவு முறைக்குப் போனார்.
நான் ரீவியை நூர்த்தேன்.
றிசீவரும் நூர்ந்தது.
எழும்பிப்போய் அதன் பொத்தானை அமத்தினேன்.
ரீவியும் கண்விழித்தது,
என்ன வேணும் என்பதுபோல, அறை முழுக்க நீலம்.

எனக்கு வேண்டியது படமில்லை.
கொட்பேயில் ஏற்றிய ஐஸ்கட்டிக் கணக்கை
மேசை லாம்பின் வெளிச்சத்தில் கூட்டுகிற நேரம்
றேடியோவில் ஒரு குரல்.
சில இரவுகளில், காற்று அமைந்தால்,
கடலைத் தாண்டிக் காரைக்கால் பிடிபடும்.
யாரோ அங்கே மழை எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லுவார்கள்.
நான் பேனையை வைத்துவிட்டுக் கேட்பேன்.
இதை நான் அவருக்குச் சொன்னதில்லை.
ஒளித்ததும் இல்லை,
சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

அலுமாரியைத் திறந்தேன். பற்றரி போட்டேன்.
ஒன்றேகால் மணிவரை, மெனுவுக்குள் மெனு,
அதற்குள் இன்னொன்று.
கடைசியில் ஒரு மூலையில் கிடந்தது அந்த வரி:
ரீவியோடு சேர்ந்து இயங்கு, சேர்ந்து நூர்.
ஆம் என்றிருந்ததை
இல்லை ஆக்கினேன்.
சத்தம் கூட்டிக் குறைக்கிறதை அவருக்கே விட்டேன்.
அதில் எனக்கொரு வழக்கும் இல்லை.

அன்று காரைக்கால் வரவில்லை.
இரைச்சல்தான். அதையும் கொஞ்சம் கேட்டேன்.

விடிய ஆறரைக்கு வந்து
செய்தி பார்த்து, ரீவியை நூர்த்தார்.
கொட்டாவியின் நடுவில் நின்றுவிட்டார்.
"பேபி, இதின்ரை லைற் ஏன் இன்னும் எரியுது?"

தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டே சொன்னேன்,
"பதினோராம் பக்கத்தில இருந்திருக்கும்."