கடிங்க

புதுவயல் அரைவை மில்லின் பின்கட்டில்
தவிட்டு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது,
இடுப்பு உயரம்கூட இல்லாத டிராக்டர்.
எடைக்குத்தான் போட்டார்கள்:
ஆறாயிரத்து நானூறு. ஏற்றுக்கூலி தனி.

காரைக்குடியில் எனக்குப் பல்செட் செய்கிற வேலை.
கியர்பெட்டியைத் திறந்ததும் பல்லைத்தான் எண்ணினேன்.
இருபத்து மூன்றில் ஒன்று இல்லை.

இந்த உருப்படிக்கு எந்தக் கடையிலும் பாகம் கிடையாது.
பக்கத்துப் பல்லின்மேல் ரோஸ் மெழுகை அமுக்கி
அச்செடுத்தேன்.
"சொத்தையா அக்கா?" லேத் அடைக்கலம் சிரித்தான்.
பித்தளையில் வார்த்தது முதல் சுற்றிலேயே பொக்கை.
பிறகு வெல்டு வைத்து மேடு கட்டி
ஏழு ஞாயிற்றுக்கிழமை அரம்.

கடைசியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே
நீலத்தாளைச் செருகி
வாய் தவறி "கடிங்க" என்றேன்.
கடித்தது.
ஒரு ஓரத்தில் மட்டும் மை.
மயிரிழை தேய்த்தேன். மறுபடி கடிங்க.

கயிறு சுற்றிப் பதினோராவது இழுப்பில்
ஒரு கெட்ட இருமல், கறுப்புப் புகை,
கொடியில் உமையாள் வீட்டு வெள்ளை வேட்டிகள்.
அந்தப் பஞ்சாயத்து தனி.

உழுவதற்கு எங்களுக்கு ஒரு குழி நிலமில்லை.
முருங்கை வரை போனேன். மதில் வரை போனேன்.
ரிவர்ஸுக்கு இன்னும் பல் கட்டவில்லை.
அடைக்கலமும் நானும்
தள்ளிக்கொண்டே திரும்பினோம்.