ஆறாம் எண் உலர்த்தி

இரவு இரண்டே முக்காலுக்குப் பகாவில்
இணையம் ஒழுங்காய்க் கிடைப்பது
டோபிக் கடையில் மட்டும்தான்.
கடவுச்சொல் சுவரிலேயே இருக்கிறது,
சோப்புத்தூள் விளம்பரத்துக்குக் கீழே.

துணி மடிக்கும் மேசையில்
மடிக்கணினியை வைத்தேன்.
பின்னால் வெறும் சுவர் மட்டும் தெரிய
நாற்காலியை நாலு முறை நகர்த்தினேன்.
மேலே இஸ்திரி போட்ட சட்டை.
கீழே கைலி.

அங்கேயும் மூன்று மணிதான், வெயிலோடு.
"வணக்கம், மிஸ் அர்ச்சுணன்" என்றார் பேராசிரியர்.
யோகமாலா அ/பெ அர்ச்சுணன் என்று எழுதினால்
அந்தச் சாய்கோடு செல்லாது என்றது படிவம்.
குடும்பப் பெயர் கட்டாயமாம்.
ஆக, பகலெல்லாம் லோரியில் செம்பனைக் குலை ஏற்றி
இப்போது குறட்டை விடும் அப்பாதான்
முனைவர் பட்ட நேர்காணலில் அழைக்கப்படுகிறார்.

நான்கு ஆண்டு உதவித்தொகை. ஒரே இடம்.
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்:
கோட்டுருக்கள், இறுதியாண்டுத் திட்டம், புள்ளிகள்.
அன்றைக்கு எட்டாவது தடவையாகக் கேட்பவர் போலத்
தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.
"அதெல்லாம் சரி,
உன்னைத் தூங்கவிடாத சிக்கல் எது?"

அப்போது கத்தியது ஆறாம் எண்,
முடிந்தது முடிந்தது என்று.
யாரும் வரவில்லை.
கூடையோடு நின்ற இரண்டு நேப்பாளித் தொழிலாளர்கள்
கண்ணாடிக்குள் பார்த்தார்கள்,
அடுத்தவர் துணியைத் தொடக் கூசி.
ஐந்தரைக்கு அவர்களுக்குப் பெரட்டு.

"வேலை முடிந்தும் இயந்திரத்தை விடாதவர்" என்றேன்.
"எப்போது திரும்புவார், தெரியாது.
எவ்வளவு நேரம் பொறுப்பது நியாயம்?
அதன்பின் எடுப்பது யார்?
பாடநூல் வரிசையில் நிற்பவர்கள்
சும்மா நிற்கிறார்கள், சார்.
விடிந்தால் அவர்களுக்கு வேலை இருப்பதில்லை."

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கைலியும் தெரிந்திருக்கும்.
பேராசிரியர் முதன்முறையாக முன்னால் சாய்ந்தார்.
இளையவர் கையசைத்தார்,
அவரும் பதிலுக்கு அசைக்க,
கை பாதியில் உறைந்து நின்றது.

இணைப்பு போய்விட்டது.
திரையில் அந்தச் சின்ன வட்டம்
சுற்றுகிறது, சுற்றுகிறது,
காசு போட்டது போல.

எழுந்து போய் ஆறாம் எண்ணைத் திறந்தேன்.
யாருடையதோ தலையணை உறைகள்,
ஒரு பள்ளிக்கூடச் சட்டை, இன்னும் சூடாக.
மேசையில் அடுக்கினேன்.
மூத்தவர் கூடையைக் கவிழ்த்தார்.

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
பதினொரு நிமிடம்.