பேருக்குப் பின்னால்

போன் கீழே விழுந்ததில்
திரையின் வலது பாதி கறுத்துவிட்டது.
பேர் தெரிகிறது.
பேருக்குப் பின்னால் எழுதிவைத்த தொழில் தெரியவில்லை.

விஜிலா
விஜிலா
விஜிலா

மூவரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள்,
பள்ளிக்கூட அசெம்பிளி போல.
ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் ஐந்து விஜிலாக்கள்.
வருகைப் பதிவேட்டில் நான் நாலாம் நம்பர்.

மணி இரண்டரை. குலசேகரத்தில் கரண்ட் இல்லை.
மழை. இன்று ரப்பர் வெட்டு கிடையாது.
ஆனாலும் வெட்டுவிளக்கு நெற்றியில் இருக்கிறது,
அந்த வெளிச்சத்தில் தொழுத்தில் நிற்கிறேன்.
கடிஞ்சூல் பசு.
இரண்டு குளம்பு வெளியே வந்து
அப்படியே நின்றுவிட்டது.

முதல் விஜிலாவைத் தொட்டேன்.
"யாரு?"
"விஜிலா."
"அது நானில்லா?"
தக்கலை வக்கீல்.
அப்பா பேரில் கிடந்த பதினொன்றரை சென்டை
ஏழு வருஷம் கோர்ட் படியேறி மீட்டுத் தந்தவள்.
தூக்கத்திலும் குரல் கறுப்புக் கோட்டு போட்டிருந்தது.
"எதிர்வாதி யாரு?"
"கன்னுக்குட்டி" என்றேன்.
சிரிக்கவில்லை.
"லைன்லயே நில்லு. அடுத்த ஆளைச் சேரு" என்றாள்.

இரண்டாவது விஜிலா முதல் மணியிலேயே எடுத்தாள்.
பின்னால் கடல் இரைந்தது.
குளச்சலில் படகு எஞ்சின் பிரிப்பவள்.
போன ஆவணியில் எங்கள் சங்கத்து ஷீட் மெஷினுக்கு
மோட்டார் மாட்ட வந்தபோது நம்பர் வாங்கியிருந்தேன்.
"எக்கா, எங்க பிடிச்சு நிக்கி?"
"காலு வந்தாச்சு. தலை வரல்ல. வலிக்கவா?"
"வலிக்காத! உள்ள எது சிக்கிக் கெடக்குன்னு தெரியாம
வலிச்சா ஒடஞ்சுபோவும்.
கைய சோப்பு போட்டுக் கழுவு. தடவிப் பாரு."
தடவினேன்.
சூடாக, ஈரமாக, ஒரு கழுத்து.
இடப்பக்கம் மடங்கிக் கிடந்தது,
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆளைப்போல.
"அப்ப பைய இரு. தொடாத" என்றாள்.
அவள் அதுவரை
ஒரு பசுவைத் தொட்டதில்லையாம். விடிந்தபிறகு சொன்னாள்.

மூன்றாவது விஜிலாதான் மாட்டு டாக்டர்.
அவள் போன் அணைந்து கிடந்தது.
"வீடு எங்க?" வக்கீல் கேட்டாள்.
"திருவட்டாறு. கோயிலுக்குப் பின்னால."
"போற வழிதான்."
கார் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.

பிறகு அவள் சொல்லித்தான் தெரியும்:
கதவைத் தட்ட, உள்ளேயிருந்து "யாரு?"
"விஜிலா."
நீண்ட நேரம் பதில் இல்லை.
"நான் இங்கதானே இருக்கேன்?" என்று
பயந்த குரல் வந்ததாம்.

மூன்றே முக்காலுக்குக் கார் வந்தது.
டாக்டர் தோள்வரை கையை விட்டு
முதலில் உள்ளே தள்ளினாள். நான் கத்திவிட்டேன்.
தள்ளி, திருப்பி,
மூக்கை வாசலுக்குக் கொண்டுவந்து
பசு முக்கும்போது மட்டும் இழுத்தாள்.
வக்கீல் நைட்டியும் மழைக்கோட்டுமாக
வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வைக்கோலில் விழுந்தது.
அசையவில்லை.
மூக்கில் ஒரு துரும்பை விட்டாள் டாக்டர்.
தும்மல்.

மடியில் கிடந்த போன் கேட்டது:
"எக்கா, ஸ்டார்ட் ஆச்சா?"

காளைக்கன்று. பேர்ப் பிரச்சினை இல்லை.

"இழுக்காம இருக்கச் சொன்னது யாரு?"
"விஜிலா."
"எந்த விஜிலா?"
போனை நீட்டினேன். இருவரும் பேசிக்கொண்டார்கள்,
எண்ணெயும் ரத்தமும் பற்றி,
ஒரே கடையில் சோப்பு வாங்குகிறவர்கள் மாதிரி.

போகும்போது டாக்டர் என் நம்பரைப் பதிந்தாள்.
எட்டிப் பார்த்தேன்.
'விஜிலா பசு.'

ஒரு வெட்டுக்கு நானூறு மரம்.
இருபத்திரண்டு வருஷம்.
என் கத்தி ஒரு மரத்திலும் உள்கட்டையைத் தொட்டதில்லை.
மரத்துக்கு வலிக்காத ஆழம்
என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

"பசுவ அழிச்சிட்டு ரப்பர்னு போடுங்கோ."
"தோட்டமா?"
"வெட்டு."

அழித்து எழுதினாள்.
வெளியே வெளுத்திருந்தது.
சிரட்டை எல்லாவற்றிலும் மழைத்தண்ணி.
கவிழ்க்கப் போனேன்.