பாசோ

வில்மார் பதினான்கு வரிகளை அழித்திருந்தான்.
திரையில் அவை சிவப்பாக,
உரித்துப் போட்ட தோல் மாதிரி.
கீழே ஒரு குறிப்பு:
"தேவையற்ற விதிவிலக்கு. சுத்தம் செய்தேன்."
நான் பார்த்துச் சரி என்றால்
திங்கட்கிழமை அது
பால் கூட்டுறவின் எண்ணூறு பண்ணைகளுக்கும் போய்விடும்.

வெள்ளி மாலை நாலரை மணி, சான் ஹோசே.
மாத்தே குவளையில் மூன்றாம் முறை வெந்நீர் ஊற்றியாயிற்று,
இலை சுவை விட்டுக்கொண்டிருந்தது.
ஒப்புதல் பொத்தான் பச்சை.
பச்சை என்றால் விரல் தானாகவே போகும்.

போகவில்லை. பொறுப்புணர்ச்சி என்று எண்ண வேண்டாம்;
ஒரு எண் உறுத்தியது, அவ்வளவுதான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
அந்த ஒரு பண்ணைக்கு மட்டும்
பால் இரட்டிப்பானால் கேள்வி கேட்காதே
என்கின்றன அந்தப் பதினான்கு வரிகள்.
வேறு எந்தப் பண்ணையில் இரட்டித்தாலும்
தண்ணீர் கலந்ததாகக் கொடி ஏறும்,
அந்த வாரப் பணம் நிற்கும்.

முதலில் எனக்குத் தோன்றியது நல்ல எண்ணம் இல்லை.
யாரோ யாருக்கோ மச்சான்.
எழுதியவர் டெல்மிரா பாஸ்,
ஸ்பெயினுக்குப் போய் ஆறு வருடம்,
போகிற போக்கில் ஒரு விளக்கம்கூட எழுதவில்லை.

நாலாம் வரியில் ஒரு மாறி. பெயர் பாசோ.
எங்கள் மொழியில் பாசோ என்றால் படி.
கணக்கில் ஏதோ ஒரு படி என்றே
படித்திருந்தான் வில்மார். நானும் அப்படித்தான்,
மூன்று வருடமாக அதே கோப்பைத் திறந்து மூடி.
எழுதும்போது தெரிந்ததைத்தான் எழுதுகிறோம்.
ஓடும்போது அதுவும் மறந்துவிடுகிறது.
இன்னொருவர் அழித்ததைப் படிக்கையில்தான்
வரிக்கு வரி நின்று
நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்கிறோம்.

ஒரு படி எப்படித் திடீரென்று இல்லாமல் போகும்?
சென்ற ஆண்டு ஏழு நாள் அது 'இல்லை'.
ஏப்ரலில் மூன்று, செப்டம்பரில் நான்கு.

"பாசோ என்பது என்ன?" என்று எழுதினேன்.
வில்மார்: "தெரியாது. உனக்கு?"
"தெரியாது."
அன்றைக்கு நாங்கள் இருவரும் எழுதியவற்றில்
பிழை இல்லாத வரிகள் இவைதான்.

அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று
கோப்புக்குக் கோப்பு பின்னால் போனால்
கடைசியில் ஒரு லாரி.
ஓட்டுநர் எரிபெர்தோ தன் கருவியில் தட்டும் ஒரு பொத்தான்.
தொலைபேசியில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார்:
"கார்பிஞ்சோ ஓடையம்மா! துறையில் தண்ணீர் ஏறினால்
வண்டி இறங்காது. மறுநாள்
ரெண்டு நாள் பாலையும் சேர்த்து அள்ளுவேன்.
வேறென்ன பாசோ?"

படிக்கும் துறைக்கும் எங்களிடம் ஒரே சொல்.
நாங்கள் படியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்,
துறையில் ஆறு போய்க்கொண்டிருந்தது.
தண்ணீர்தான் காரணம். ஆனால் பாலில் அல்ல.
பச்சையைத் தொட்டிருந்தால் அடுத்த மழையில்
முந்நூற்றுப் பன்னிரண்டின் நில்சா எச்செகரய்,
நான் முகம் பார்த்தறியாத பெண்,
கள்ளியாகியிருப்பாள்.

வில்மார் வரிகளைத் திருப்பி வைத்தான்.
பாசோவை 'துறை கடக்க முடியுமா' என்று மாற்றினான்.
நான் சரி என்று அழுத்தப் போகும்போது
அவனிடமிருந்து ஒரு கேள்வி வந்தது:
"ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பண்ணைதானா?"

வரைபடத்தைத் திறந்தோம்.
முந்நூற்றுப் பதினெட்டு.
யூகலிப்டஸ் தோப்புக்குப் பின்னால்,
இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தது.
அதன் பெயரில் இரண்டு முறை கொடி ஏறியிருக்கிறது,
இரண்டு முறை பணம் நின்றிருக்கிறது.
ஏப்ரல். செப்டம்பர்.

மணி ஏழரை. விளக்கைப் போட மறந்திருந்தோம்.
நிரலைத் திருத்த ஆறு நிமிடம்.
அந்த வீட்டுக்கு யார் தொலைபேசுவது,
என்ன சொல்லித் தொடங்குவது என்று
இன்னும் பேசி முடியவில்லை.