குழி எண் அறுபத்திரண்டு

ஜூலை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை.
நான் பதிவுசெய்திருந்த பார்பிக்யூ குழி
சவுக்கு மரங்களுக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில்.
உள்ளே யாரோ விட்டுப்போன ஈரச் சாம்பல்.

கரி பிடிக்கவில்லை.
மூன்று வெள்ளைக் கட்டிகள், அரைப் பெட்டித் தீக்குச்சி,
நேற்றைய நாளிதழின் வீடு விற்பனைப் பக்கம்,
எல்லாம் எரிந்தன, கரியைத் தவிர.
பக்கத்துக் குழி ரிட்சுவான் எட்டிப் பார்த்தார்.
நெருக்கி அடுக்கிவிட்டேனாம், மூச்சுவிட இடமில்லையாம்.
இடுக்கியால் நாலு துண்டை விலக்கி வைத்தார்.
கடலைக் காட்டி "அங்கின் பாகுஸ்" என்றார்.
நல்ல காற்று.
விலக்கிய இடத்தில்தான்
முதல் சிவப்பு தெரிந்தது.

சுபத்ரா ஆறரைக்கு வந்தாள்.
மகளையும் கேக்கையும் இறக்கிவிட்டுப் போவதாகத்தான் பேச்சு.
கார் போய்விட்டது, அவள் நின்றாள்.
"புகை என் பக்கமே வருது."
இடம் மாறினாள். புகையும் மாறியது.
சிரிக்கலாமா என்று
இருவருக்கும் தெரியவில்லை.

ஏழு மெழுகுவத்திகள்.
மூன்றாவதைக் கொளுத்துவதற்குள்
முதலாவது போயிருக்கும்.
இரண்டு எட்டு தள்ளி
கரியை அடிவரை சிவக்கவைத்துக்கொண்டிருந்த
அதே காற்று.
ஊதிப் பெருக்குவதும் ஊதி அணைப்பதும்
ஒரே ஊதல்தான் போல.
கரிக்கு உள்ளே சூட்டில் சேமிப்பு உண்டு,
எடுத்துச் செலவழிக்கலாம்.
திரிச்சுடருக்கு உடம்பே கிடையாது.
எங்கள் எட்டு வருடம் இதில் எது
என்று யோசிக்க அது நேரமில்லை.

"மறைச்சு நில்லுங்க!" மிருதுளா கத்தினாள்,
"ரெண்டு பேரும்!"

நான் கடலுக்கு முதுகு காட்டி நின்றேன்.
சட்டை பாய்மரமாய்ப் புடைத்தது. போதவில்லை.
சுபத்ரா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.
அவள் தோள் என் தோளில் இடித்தது,
மன்னிப்பு கேட்கவில்லை,
இடித்தபடியே இருந்தது.
எங்களுக்கு முன்னால்
காற்றில்லாத ஒரு முழம் இடம்.
அதில் ஏழும் நிமிர்ந்து எரிந்தன.

தூரத்தில் கப்பல்கள் ஒவ்வொன்றாய் விளக்கேற்றின.
சாங்கிக்கு இறங்கும் விமானம் ஒன்று
பாட்டின் பாதியை விழுங்கியது.
மிருதுளா கன்னம் உப்ப மூச்சிழுத்தாள்.
கொஞ்சம் பொறு என்று சொல்ல வாய் எடுத்தேன்.

ஊதிவிட்டாள்.

ஏழு திரியும் புகைந்தன. புகை கலையாமல்
நேராக மேலே போய்
எங்கள் தலைக்கு மேல்தான் வளைந்தது.
பின்னால் கோழி இறக்கைகள் கருகும் வாசனை.
இரண்டு பேருக்குமே எட்டியிருக்கும்.
யாரும் திரும்பவில்லை.