உட்கார், ஓரின்

பதினான்கு வருடம் அதிகாலை மூன்று மணிக்குச்
செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்த வண்டி.
டுலூத்தின் மேட்டுத் தெருக்களில்
ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பின்பக்கம்
சாலையை முகர்ந்துகொண்டே ஏறும்.

இப்போது வாரத்துக்கு ஒரு தாள்.
அதுவும் தபாலில் போகிறது.
எனக்கு வேலை போயிற்று, வண்டிக்குப் பாரம் போயிற்று.
ஸ்பிரிங் மட்டும் நம்பவில்லை.
காலியாக நிற்கும்போதும்
முதுகில் ஏதோ இருப்பதுபோல்
குனிந்தே நின்றது.

ஏப்ரல் கடைசி. கராஜ் கூரையிலிருந்து
பனி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.
ஒஹையோவிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள்
சிவப்பு வண்ணத்தில் இரண்டு ஸ்பிரிங்.
'கூடுதல் பாரத்துக்கு' என்று ஒட்டிய சீட்டு.
எந்தப் பாரம் என்று ஓரின் கேட்டான்.
நான் ஜாக்கியைத் தேடப் போனேன்.

ஓரின் என் முன்னாள் கணவரின் தம்பி.
விவாகரத்துப் பத்திரத்தில் யாருக்கு என்று
எழுதாமல் விட்டுப்போனவற்றில் ஒன்று.
அவனிடம் காஸ் டார்ச் இருக்கிறது.
சனிக்கிழமைகளில் வேறு வேலை இல்லை.

இருபது குளிர்காலத்து உப்பு
அந்தக் கீழ் போல்ட்டுக்குள் குடியேறியிருந்தது.
எண்ணெய் ஊற்றினோம். காத்திருந்தோம். மறுபடி ஊற்றினோம்.
ஸ்பேனர் பிடியில் நாலடிக் குழாயைச் செருகி
நான் தொங்கினேன், அவன் தொங்கினான்,
வண்டிதான் அசைந்தது.
நீலத் தீயில் நட்டு முதலில் கறுத்து
மெல்லச் சிவந்தபோது
துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம்.
எதிர்வீட்டு ஹாலோனென் அம்மாள்
திரையை விலக்கிப் பார்த்தாள்.
உடைந்ததா, கழன்றதா?
கொஞ்ச நேரம் எங்களுக்கே தெரியவில்லை.
கழன்றிருந்தது.

பழைய ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கக்
கொக்கி வைத்த இரண்டு திருகுகள், வாடகைக்கு எடுத்தவை.
இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று.
நழுவினால் தாடை போய்விடும்.
பேச்சே இல்லை.
ஓரின் முகத்தைத் திருப்பிக்கொண்டே பிடித்திருந்தான்,
பிள்ளைக்கு ஊசி போடும்போது
தகப்பன் சுவரைப் பார்ப்பதுபோல்.

வெளியே எடுத்துப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினோம்.
பழையது மூன்று விரல் குட்டை.
பதினான்கு வருடத்து விளம்பரம், வானிலை,
ஹாக்கி முடிவு, மரண அறிவிப்பு
எல்லாம் சேர்ந்து
மூன்று விரல்.

ஆறு மணிக்கு ஜாக்கியை இறக்கினோம்.
சோம்பல் முறிக்கிற பூனை மாதிரி
வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.
அவன்தான் முதலில் சிரித்தான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி.
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது
ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை முழுக்க முறுக்கக் கூடாது.
வண்டி தினம் நிற்கிற உயரத்தில்
தன் கனத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் முறுக்கலாம்.
இல்லாவிட்டால் ரப்பர்
உள்ளுக்குள் திருகியபடியே இருந்து
ஒருநாள் கிழியும்.
கையேட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

தினம் நிற்கிற உயரம்.
கட்டுகளே இல்லாத வண்டிக்கு அது எது?

"உட்கார், ஓரின்."

பின்கதவைத் திறந்து ஏறி
கட்டுகள் இருந்த இடத்தில் சம்மணமிட்டான்.
நூற்றுத்தொண்ணூறு பவுண்டு, பூட்ஸ் சேர்த்து.
மேலே சாண்ட்விச் காகிதம் பிரிக்கும் சத்தம்.
கீழே நான், சரிவுப் பலகைகளுக்கு நடுவில்
மல்லாந்து, கண்ணெல்லாம் துருத்தூள்.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
"அசையாதே."
டார்க் ஸ்பேனர் க்ளிக் என்றது.
ஏரியில் தாதுக் கப்பல் ஒன்று
பாலத்தைத் தூக்கச் சொல்லி ஊதியது.
பாலம் பதிலுக்கு ஊதியது.
இறங்கலாம் என்று நான் சொல்லவில்லை,
அவனும் கேட்கவில்லை,
சாண்ட்விச் முடியும்வரை.

மறுநாள் மூன்று மணிக்கே விழித்துவிட்டேன். பழக்கம்.
வண்டியை எடுத்துக்கொண்டு
பழைய தெருக்கள் வழியே ஒரு சுற்று.
எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.
ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் துள்ளியது.
எவ்வளவு குறைகிறது என்று
பவுண்டுக் கணக்காக வண்டிக்குத் தெரிந்திருந்தது.

கடை திறந்ததும் இரண்டு மூட்டை மணல்
வாங்கிப் போட்டால் போதும்.
கடை திறந்தது.
வாங்கவில்லை.