மூன்றாம் நெடுவரிசை

ஒன்பது மணிக்கு ஏசியை நிறுத்திவிடுவார்கள், தை செங்கில்.
அதற்குள் நாற்பது விட்ஜெட்டுகளையும் மாற்றியாக வேண்டும்.

முதலில் தப்பாகத்தான் செய்தேன்.
பழையதை எடுத்தேன், புதியதைச் சேர்த்தேன்.
அது வரிசையின் கோடியில் போய் நின்றது
இன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவனைப்போல.
காலியான இடத்துக்கு
மற்றவை நகர்ந்து உட்கார்ந்துவிட்டன,
உட்லண்ட்ஸ் ரயிலில் ஒருவர் எழுந்தால் நடப்பதுதான்.

பிறகு பிடிபட்டது:
எடுக்குமுன் கேட்க வேண்டும்
நீ எத்தனையாவது பிள்ளை என்று.
அந்த எண்ணில் வைத்தால்
பக்கத்தில் இருப்பதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

காலை ஏழேகாலுக்கு ரொஹாயா அழைத்தாள்,
மின்தூக்கிக் கண்காணிப்பு அறையிலிருந்து.
இரவு வேலை முடிகிற குரல்.
"எல்லாம் நல்லா இருக்கு. மணி எங்க?"

மணி.
மூன்றாம் நெடுவரிசையில் சிவப்பாக ஒன்று இருந்தது.
எதனோடும் இணைக்கப்படாதது,
அழுத்தினால் ஒன்றும் நடக்காது.
குப்பை என்று நான்தான் நீக்கினேன்.
சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.
"பதினொன்றாம் மாடியில யாராச்சும் மாட்டிக்கிட்டா
நம்ம ஆள் போய்ச் சேர்ற வரைக்கும்
அதத்தான் அழுத்திட்டு இருப்பேன்."

புதிய லைப்ரரியில் மணி கிடையாது.
ஒரு வட்டம் வரைந்து சிவப்பு பூசினேன்.
விரல் பட்டால் சற்று உள்ளே போகும்,
விட்டால் வரும்.
எடுக்குமுன் குறிக்காததால்
அதன் எண்ணை அவளிடமே கேட்டு வைத்தேன்.

சோதனைப் படிவத்தில்
'செயல்பாடு' என்றொரு கட்டம்.
கோப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அதை மட்டும் நிரப்பாமல் அனுப்பினேன்.